விரல்நுனிச் சுண்ணாம்பு

காலை டீ வந்து, ஆறி, மேலே ஆடை கட்டிய பிறகும் டோரீன் ஒரு ஜோக் அடிக்கவில்லை. துப்பறிவாளர் கணேசமூர்த்தி பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளைக் கவலையோடு பார்த்தார். காக்ஸ் டவுனில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஆபீசில் மொத்தம் இரண்டே பேர். மூளை அவர், வாய் அவள் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். டோரீனும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள், நேற்று மத்தியானம் வரைக்கும்.

"என்னம்மா, ஜுரமா?"

"இல்ல சார்."

"பல்வலியா?"

"வாயேதான் சார் வலிக்குது. நேத்து அதிகமாப் பேசிட்டேன்."

கணேசமூர்த்தி மறுபடி பேப்பரை எடுத்துப் பிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று, அதாவது வெள்ளிக்கிழமை, நடந்தது இதுதான். ஓசூர் ரோட்டில் அத்திபெலேயிலிருந்து உள்ளே தள்ளி, பாதி பாறையும் பாதி நீலகிரித் தோப்புமாகக் கிடக்கிறது ஹெட்மாஸ்டர் கிளெமென்ட்டின் குடும்ப நிலம். ஓய்வு பெற்ற மனிதர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, இருட்டில் வெள்ளையாக ஏதாவது இருந்தால்தான் தெரியும். அந்தத் தோப்பில் தொடங்கிப் பாறை மேல் வளைந்து வளைந்து ஏறுகிறது ஒரு ஒற்றையடிப் பாதை. அதன் ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் பதினான்கு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் குடும்பமே அங்கே வந்து சிலுவைப் பாதை செய்யும். ஒவ்வொரு கல்லும் ஏசுவின் பாடுகளில் ஒரு ஸ்தலம். கல்லைத் தொட்டு, முட்டி போட்டு, ஜெபம் சொல்லி, கல்லின் மேல் கையை ஊன்றி எழுந்து அடுத்த கல்லுக்குப் போக வேண்டும்.

நேற்று விடியற்காலையில் பெரியவர் தனியாகப் போயிருக்கிறார். பாதை முடிகிற இடத்தையும் தாண்டி, பக்கத்திலிருந்த பழைய கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். அருகில் ஒரு வெள்ளைக் கல்லும் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு நாள் ஆகியும் நினைவு திரும்பவில்லை.

வழிகாட்டும் கல்லை எவனோ பள்ளத்து விளிம்புக்கு நகர்த்தி வைத்து, கண் தெரியாத மனிதரை வரவழைத்துத் தள்ளியிருக்கிறான் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஹரிஷ்குமார் ஊகித்தார். கற்களுக்கு வெள்ளையடிப்பவன் காவல்காரன் அர்ஜுனன். நிலத்தை மனை போட்டு விற்கும் லேஅவுட்காரர்களிடம் கொடுத்துவிடலாமா என்று பெரியவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பதும், கொடுத்தால் அர்ஜுனனுக்குக் குடியிருக்க இடமில்லை என்பதும் ஊருக்கே தெரியும். ஆனாலும் ஹரிஷ்குமார் தயங்கிக்கொண்டுதான் இருந்தார். காலையில் எங்கே போனாய் என்று கேட்டதற்கு "பூ வாங்கப் போனேன்" என்று அர்ஜுனன் சொல்லியிருந்தான். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பெரியவரின் மகன் டென்சில் போன் செய்து கூப்பிட்டதால் கணேசமூர்த்தியும் டோரீனும் அங்கே போயிருந்தார்கள். கணேசமூர்த்தி பள்ளத்துக்குள் இறங்கியிருந்த நேரம் அது. மேலே டோரீன் மட்டும் போலீஸ்காரர்களோடு நின்றாள். தூரத்தில் ஜீப்பின் பக்கத்தில் அர்ஜுனன் நின்றிருந்தான். அவன் விரலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பார்த்ததை உள்ளே வைத்துக்கொள்ள டோரீனுக்கு எங்கே தெரியும்?

"சுண்ணாம்பு கையிலயே ரெடியா இருக்கு சார்! வெத்தலை பாக்கு மட்டும் வெச்சு, மாமியார் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போக வேண்டியதுதான்."

கான்ஸ்டபிள்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹரிஷ்குமாரும் சிரித்தார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, தூரத்தில் நின்ற அர்ஜுனனும் சிரித்தான். அங்கேதான் வந்தது வினை.

"நோடி, பாருங்க! பெரியவர் சாகக் கெடக்கிறார், இவன் சிரிக்கிறான்," என்றார் ஹரிஷ்குமார். கணேசமூர்த்தி பள்ளத்திலிருந்து மூச்சு வாங்க மேலே வருவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயைத் திறந்ததில் கெட்டது அடுத்தவன் பிழைப்பு. ராத்திரி ஜீவனஹள்ளியில் தன் வீட்டுக் கட்டிலில் புரண்டு படுத்த டோரீனுக்கு அந்தச் சிரிப்புதான் திரும்பத் திரும்பத் தெரிந்தது. எதற்காக அவன் சிரித்தான்?

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிளெமென்ட்டின் மகள் நோரா உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்று கசங்கிய புடவையே சொன்னது. முந்தானையை இழுத்துப் போர்த்தி, கைகளை அதற்குள் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அர்ஜுனன் செய்யல சார்," என்றாள் எடுத்த எடுப்பில்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவன் செய்ய மாட்டான். இன்னிக்கு சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறாங்களாம். ஜெயிலுக்குப் போய்ட்டா அப்புறம் வெளிய எடுக்க யார் இருக்காங்க அவனுக்கு? நீங்க மறுபடி ஒரு தடவை வந்து பாருங்க. நேத்து போலீசும் சரி, நீங்களும் சரி, குவாரி வழியா நேரா பள்ளத்துக்குப் போய்ட்டீங்க. பாதையில யாரும் நடக்கல. முதல் கல்லுலேர்ந்து கடைசிக் கல்லு வரைக்கும் நடந்து பாருங்க சார். நடுவுல விடாதீங்க."

டோரீன் கீழேயிருந்து புது டீ வரவழைத்து, ஆவி பறக்கும் டம்ளரை நோராவிடம் நீட்டினாள். நோரா அதைப் பார்த்தாள். கை வெளியே வரவில்லை.

"தவக்காலம் சார்," என்று டோரீனே பாஸுக்கு விளக்கினாள். "நாங்க எதையாவது விட்டுடுவோம். நான் சாக்லேட் விட்டிருக்கேன். இவங்க டீ விட்டிருப்பாங்க."

நோரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓஹோ," என்றார் கணேசமூர்த்தி. அந்த டீயையும் அவரே குடித்தார்.

*

பழைய பத்மினி கார் ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே முக்கி முனகிக்கொண்டு போனது. கார்க் கதவையும் டோரீன்தான் நோராவுக்குத் திறந்துவிட்டாள். நிலத்து வாசலில் இரும்புக் கேட்டின் முன்னால் நோரா சும்மா நின்றபோது, அந்தக் கொக்கியையும் டோரீன்தான் நீக்கினாள். பாவம், ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள், கையில் தெம்பு ஏது என்று நினைத்துக்கொண்டாள்.

கேட்டை ஒட்டி மாட்டுத் தொட்டி. அதன் தண்ணீரில் வாழை இலையில் சுற்றிய ஒரு பொட்டலம் மிதந்தது. டோரீன் பிரித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று சம்பங்கி.

"சார், பூ! அர்ஜுனன் பொய் சொல்லல. நிஜமாவே பூ வாங்கத்தான் போயிருக்கான்."

"யாருக்கு வாங்கினான்?"

டோரீன் நோராவைப் பார்த்தாள். நோரா ஏற்கனவே தோப்புக்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

நீலகிரி இலைகள் காலடியில் மொறுமொறுத்தன. முதல் கல் தோப்புக்குள்ளேயே இருந்தது. முழங்கால் உயரம், பாதி மண்ணில் புதைந்து, மேலே பளிச்சென்று வெள்ளை, அடியில் ஒரு கை அகலத்துக்குக் காவிப் பட்டை.

"இது என்னம்மா, பெருமாள் கோயில் மதில் மாதிரி?" என்று கேட்டார் கணேசமூர்த்தி.

நோராவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "அர்ஜுனன் கைவேலை சார். வெள்ளை அடிச்சா கீழ காவி அடிக்கணும், இல்லன்னா அது மொட்டைன்னு சொல்லுவான். டென்சில் சத்தம் போட்டான். அப்பாதான், 'ஆண்டவர் கோச்சுக்க மாட்டார், விடுறா'ன்னுட்டார்."

டோரீன் வழக்கப்படி கல்லைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். நோரா தொடவில்லை. கைகளை முந்தானைக்குள் வைத்தபடியே தாண்டிப் போனாள். அப்பா விழுந்த துக்கம், மனசு விட்டுப் போயிருக்கும் என்று டோரீன் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

தோப்பு முடிந்து பாறை தொடங்கியது. நோரா ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். ஆள் உயரப் புற்று ஒன்று. அதைச் சின்ன வயதில் டென்சில், ஏசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன 'பிலாத்து வீடு' என்பானாம். நாலு காலையும் உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி ஆமைப் பாறை. தேன்கூடு தொங்கும் ஒரு வெடிப்பு. அதன் கீழே ஜெபத்தை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும், தேனீக்கு ஜெபம் பிடிக்காது என்று அம்மா சொல்வாராம். இன்னொரு நாளாக இருந்தால் டோரீன் இதற்கெல்லாம் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள். இன்று ஒவ்வொரு கல்லையும் தொடும்போது ஒரே ஜெபம்தான் அவளுக்கு வந்தது: ஆண்டவரே, அந்த ஆளை வெளியே விடும்.

பாதி ஏற்றத்தில் ஒரு சுனை. பாறைக் குழியில் ஆடாமல் அசையாமல் குளிர்ந்த தண்ணீர்.

"வெரோனிக்கா ஏசுவோட முகத்தைத் துடைக்கிற ஸ்தலம் இது," என்றாள் நோரா. "நாங்க எல்லாரும் இங்க முகம் கழுவுவோம்."

ஆனால் அவள் முகம் கழுவவில்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். விட்டவள் எடுக்கவே இல்லை. ஜெபம் செய்கிறாள் என்று டோரீன் மரியாதையாகத் தள்ளி நின்றாள். கணேசமூர்த்தி நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் ஏற்றம் செங்குத்தாக இருந்தது. "அம்மாவுக்கு இங்க மூச்சு வாங்கும்," என்றாள் நோரா. "ஏசு மூணாம் தடவை விழற எடம். 'அவரே விழுந்துட்டார், நான் உக்காந்தா என்ன'ன்னு உக்காந்துடுவாங்க. போன கிறிஸ்மஸுக்கு முன்னாடி தவறிட்டாங்க. அம்மா இல்லாம வர்ற முதல் தவக்காலம் இது."

பாதை கடைசியில் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்ற இடத்துக்கு வந்தது. நடுவில் ஒரு இருட்டுப் பொந்து. அதன் வாசலில் பதினான்காவது கல், வெள்ளையும் காவியுமாக.

"இதுதான் கல்லறை," என்றாள் நோரா. "ஏசுவை அடக்கம் பண்றாங்க. இதோட முடிஞ்சுது." சொல்லிவிட்டு அந்தக் கல்லருகே உட்கார்ந்துவிட்டாள்.

டோரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. "சார்! எல்லாக் கல்லும் அதது எடத்துலயே இருக்கு!"

"ம்."

"ஒரு கல்லை நகர்த்தினாங்கன்னா ஒரு எடம் காலியா இருக்கணுமே. இல்லையே! அப்ப பள்ளத்துல கெடந்தது எந்தக் கல்லு?"

கணேசமூர்த்தி ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மண்ணை உதறி மாட்டிக்கொண்டார். "அந்தக் கல்லை நீயும் பாத்தியே. காவி இருந்துச்சா?"

டோரீன் கண்ணை மூடி யோசித்தாள். "இல்ல. மேலயும் கீழயும் முழுக்க வெள்ளை."

"காவி இல்லாம அர்ஜுனன் ஒரு கல்லை விடுவானா?"

"மொட்டைன்னுடுவான்."

"சரி, அவன் கையில சுண்ணாம்பு பாத்தியே, எங்க பாத்த?"

"விரல்ல சார்."

"எந்த விரல்?"

டோரீன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆட்காட்டி விரல், அதிலும் நுனி மட்டும். கல்லுக்கு வெள்ளையடித்தவன் கை மணிக்கட்டு வரை வெளுத்திருக்க வேண்டும். நுனிவிரலில் மட்டும் சுண்ணாம்பு யாருக்கு ஒட்டும்?

"வெத்தலை போடறவனுக்கு," என்றாள் மெல்ல.

அவள் அடித்த ஜோக்கில் பதில் நேற்றே இருந்தது. வெற்றிலை என்றும் சொன்னாள், சுண்ணாம்பு என்றும் சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு நின்றாள். இப்போது நினைத்தால் அவளுக்கே அவள் மேல் ஆத்திரமாக வந்தது.

"சுத்திப் பாரும்மா. அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் கணேசமூர்த்தி.

டோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கல்லறைப் பாறையைச் சுற்றி மேலே ஏறினாள். கிழக்கு பார்த்த வழுக்குப் பாறை. அங்கிருந்து ஏரியும் ராகி வயல்களும் அதற்கப்பால் மலைகளும் விரிந்து கிடந்தன. விளிம்புக்குச் சற்று இந்தப் பக்கம் பாறையில் வெள்ளைச் சொட்டுகள் வட்டமாகத் தெறித்திருந்தன. வட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு சொட்டும் இல்லை. ஏதோ ஒன்றை இங்கே வைத்து, வைத்த பிறகு அதற்கு வெள்ளை பூசியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் பள்ளம்.

பதினான்குக்குப் பிறகு ஒரு கல். கிழக்கே, சூரியன் முதலில் விழுகிற இடத்தில், முழு வெள்ளையில்.

சம்பங்கி ஞாபகம் வந்ததும் டோரீன் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார்," என்றாள், குரல் இறங்கிப்போய். "தவக்காலத்துல நாங்க பூ வைக்க மாட்டோம். கோயில் பீடமே வெறும்னே இருக்கும். பூ வெச்சா அது ஈஸ்டருக்குத்தான்."

"சரி."

"இப்பல்லாம் சில கோயில்ல பதினாலோட நிறுத்தறதில்ல. பதினஞ்சாவதா ஒண்ணு சேத்துக்கறாங்க. ஏசு உயிர்த்தெழற ஸ்தலம். இங்க யாரோ அதை வெச்சிருக்காங்க. அர்ஜுனனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல. கோயிலுக்குப் போற ஆளுதான் இதைச் செய்ய முடியும்."

அவள் பின்னாலேயே ஏறி வந்திருந்த கணேசமூர்த்தி தலையை ஆட்டினார். டோரீனின் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் டீயை ஊற்றி, கீழே இறங்கிப் போய் நோராவிடம் நீட்டினார்.

"குடிங்கம்மா."

"சார், அவங்க தவக்கா..." என்று பின்னாலேயே இறங்கி வந்து ஆரம்பித்த டோரீன் பாதியில் நிறுத்தினாள்.

டம்ளர், கார்க் கதவு, கேட்டுக் கொக்கி, தொடாமல் தாண்டிய கற்கள், சுனைத் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் பக்தி, துக்கம், களைப்பு என்று அவளே ஒரு காரணம் தைத்துப் போட்டிருந்தாள்.

"உனக்கு உங்க வழக்கமெல்லாம் தெரியும். அதனால நீ பாக்கல," என்றார் கணேசமூர்த்தி, கோபமில்லாமல். "எனக்கு ஒண்ணும் தெரியாது. டீ விட்டவங்க டம்ளரைத் தொடறதுக்கு என்னன்னு தோணிச்சு, அவ்வளவுதான். நோராம்மா, கையைக் காட்டுங்க."

நோரா முந்தானையை விலக்கினாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து, தோல் உரிந்து, சிவந்து கிடந்தன. பழக்கமில்லாத கை சுண்ணாம்பில் கிடந்தால் இந்தக் கதிதான்.

"கையாலதான் கரைச்சேன்," என்றாள் நோரா. "அர்ஜுனன் வெள்ளையடிக்கிற மட்டை எங்க இருக்குன்னு கேட்டா அவனுக்குத் தெரிஞ்சுடும். அவனுக்குத் தெரிஞ்சா அப்பாகிட்ட சொல்லிடுவான். யாருக்கும் தெரியாம செய்யணும்னு ஆசைப்பட்டேன்."

"ஏன்மா?"

"போன வெள்ளிக்கிழமை அப்பா இங்க முட்டி போட்டவர் எந்திரிக்கவே இல்ல சார். 'முடிஞ்சுது'ன்னு சொல்லிட்டு இந்தப் பொந்தையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டார். அம்மாவை நெனச்சுக்கிட்டார்னு எனக்குத் தெரியும். பாதை கல்லறையோட முடிய வேணாம்னு தோணிச்சு. வியாழக்கெழமையே வந்து இங்க தோப்பு வீட்ல தங்கினோம். அவர் தூங்கறப்ப கல்லை உருட்டிட்டுப் போய் மேல வெச்சேன். காலைல நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், சூரியன் வர்றப்ப பூ வெச்சுக் காட்டணும்னு இருந்தேன். அர்ஜுனனை இருட்டோட பூவுக்கு அனுப்பினது நான்தான். அப்பாவை எப்பவும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவன் அவன். அவனை நானே அனுப்பிட்டேன். நான் தலை வாரிட்டு வெளிய வர்றதுக்குள்ள அப்பா தனியாக் கெளம்பிட்டார்."

காற்றில் தோப்பு இரைந்தது. நோரா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"மேல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சிருக்கும். ஒரு கல்லை விட்டுட்டோமோன்னு நெனச்சிருப்பார். அவர் எதையும் பாதில விட மாட்டார் சார். முட்டி போட்டுட்டு, எந்திரிக்கறப்ப கல்லு மேல கையை ஊனியிருப்பார். மத்த கல்லெல்லாம் புதைச்சது. என் கல்லு சும்மா வெச்சது."

டோரீனால் அவளைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் கேட்டாள். "அர்ஜுனனைப் பிடிச்சிட்டுப் போனாங்களே, அப்பவே ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரியில டென்சில் வந்து சொன்னான். 'பூ வாங்கப் போனேன்னு கதை விடறான்'னு. நான் அனுப்பினேன்டான்னு ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன், வரல. யாரும் என்னைக் கேக்கல, நானும் சொல்லல. காலைல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னு கோயில் வரைக்கும் போனேன், உள்ள போக முடியல. யாராவது கண்டுபிடிச்சுட்டா நல்லாயிருக்கும்னு உங்ககிட்ட வந்தேன்."

கணேசமூர்த்தி மூடி டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒருத்தி பேசக் கூடாத எடத்துல பேசிட்டா. ஒருத்தி பேச வேண்டிய எடத்துல பேசல. நடுவுல அந்த மனுஷன் உக்காந்திருக்கான்."

"நீங்களே போலீஸ்ல சொல்லிடுங்க சார்," என்றாள் நோரா. "நான் காருலயே இருக்கேன்."

"முடியாதும்மா. நான் சொன்னா அது துப்பு. நீங்க சொன்னாத்தான் அவனுக்கு விடுதலை."

*

ஸ்டேஷனில் நோரா நின்றுகொண்டே சொன்னாள். ஹரிஷ்குமார் நாற்காலி போடச் சொல்லியும் உட்காரவில்லை. கேட்கக் கேட்க அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மொதல்லயே ஹேளோது தானே மேடம், சொல்லியிருக்கலாமே?" என்றார் கடைசியில். பிறகு டோரீனை ஒரு பார்வை பார்த்தார். நேற்று சேர்ந்து சிரித்த கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அர்ஜுனன் வெளியே வந்தான். ஐம்பது வயதிருக்கும். தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு இல்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"பெரியவரு எப்படி இருக்காரும்மா?" என்றுதான் நோராவிடம் கேட்டான்.

"இன்னும் கண்ணு தெறக்கல அர்ஜுனா." வெந்த கைகளைக் கூப்பினாள். அவன் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"பூவ தொட்டித் தண்ணில போட்டு வெச்சேன்மா. வாடியிருக்காது," என்றான், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

டோரீன் அவன் முன்னால் போய் நின்றாள். காரில் வரும்போதே மன்னிப்பை நாலு விதமாகத் தயார் செய்திருந்தாள். நாலில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை.

"என்னாலதான் உங்களைப் பிடிச்சாங்க. நேத்து நான் ஒண்ணு சொன்னேன். அதைக் கேட்டுத்தான்."

அர்ஜுனன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். "ஆமா, நீங்க என்னமோ சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் தூரமா நின்னேன், காதுல விழல. பெரியவருக்கு நெனவு வந்துடுச்சு, அந்த சேதிதான் வந்திருக்குன்னு நெனச்சு நானும் சிரிச்சேன்." கன்னத்தைத் தடவிக்கொண்டான். "ஏன் சிரிச்சே, ஏன் சிரிச்சேன்னுதான் ராத்திரி பூரா கேட்டாங்க. என்னம்மா சொன்னீங்க?"

டோரீன் கணேசமூர்த்தியைப் பார்த்தாள். அவர் உதவிக்கு வரவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கம்மா. தெரிஞ்சுக்கறேன்."

சொன்னாள். ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னாள். சுண்ணாம்பு கையிலேயே ரெடியாக இருக்கிறது, வெற்றிலை பாக்கு மட்டும் வைத்து மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் ஜோக்கைச் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அர்ஜுனன் தன் ஆட்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தான். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

"நல்லாத்தான் இருக்குது," என்றான். பிறகு, "நேத்துலேர்ந்து வெத்தலை போடலம்மா. நாக்கு செத்துப்போச்சு," என்றான்.

எதிர்ப்பக்கம் பெட்டிக்கடை இருந்தது. டோரீன் ஓடினாள். கடைக்காரர் கவுளிக் கட்டிலிருந்து வெற்றிலை எடுத்துத் துடைத்து, பாக்கும் வைத்து மடித்துக் கொடுத்தார். "சுண்ணாம்பு?" என்றார். டோரீன் விரலை நீட்டினாள். அவர் டப்பாவிலிருந்து வழித்து, அவள் ஆட்காட்டி விரல் நுனியில் தடவிவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் ஹரிஷ்குமாரும் கான்ஸ்டபிள்களும் இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டோரீன் அந்த விரலை மடக்காமல், எல்லாருக்கும் தெரியும்படி முன்னால் நீட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்து வந்தாள்.